கராஜுக்குள்ள ஒரு கனூ

(பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட்ல விருந்தினர் யாரும் இல்ல. நான் மட்டும்தான் பேசப்போறேன். போன வருஷம் நான் வீட்ல ஒரு படகு கட்டினேன்னு ஒரு எபிசோட்ல போற போக்குல சொல்லிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி, "படகா? நிஜப் படகா? தண்ணில போகுமா?"ன்னுதான். நிஜப் படகுதான். தண்ணிலயும் போகுது. அது எப்படி நடந்ததுன்னு இன்னிக்குச் சொல்லிடறேன்.

நான் மரவேலை தெரிஞ்ச ஆள் இல்ல. என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். இருக்கிறது கனடால, டொராண்டோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸ்னு ஒரு ஊர். பிறந்து வளர்ந்தது காரைக்குடி. இங்க ஆபீஸ்ல நான் தமிழ்னு சொன்னதும் ஒருத்தர், "ஓ, கட்டமரான் உங்க வார்த்தைதானே"ன்னு உற்சாகமா கேட்டார். ஆமா, கட்டுமரம்தான் இங்கிலீஷ்ல அப்படிப் போயிருக்கு. ஆனா எங்க ஊர்ல எனக்குத் தெரிஞ்ச பெரிய தண்ணின்னா ஊருணிதான். அதுலயும் படிக்கட்டைத் தாண்டி இறங்கினதில்ல. முப்பத்தோரு வயசு வரைக்கும் எனக்கு நீச்சல் தெரியாது.

அப்பா தச்சர். செட்டிநாட்டு வீடுகளோட பழைய கதவு, நிலை, ஜன்னல் எல்லாம் பழுது பார்க்கிறதுதான் அவருக்கு முக்கியமான வேலை. பர்மாத் தேக்கு. நூறு வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்த மரம். அதுல ஒரு துண்டு வீணாப் போனாலும் அவருக்கு அன்னிக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டுக்குப் பின்னாடியே பட்டறை. ஸ்கூல் விட்டு வந்தா நான் அங்கதான் இருப்பேன். ஆனா எனக்குக் கொடுத்த வேலை ஒன்னே ஒன்னு, இழைப்புச் சுருளைக் கூட்டி அள்ளுறது. இழைப்புளியைத் தொட்டா, "வச்சிடு ஆத்தா, கையைக் கிழிச்சுக்காத"ம்பார். அண்ணனை மட்டும் எட்டாவது படிக்கும்போதே கூப்பிட்டு உளி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அண்ணனுக்கு அதுல ஒரு ஆர்வமும் இல்ல. இப்போ சென்னையில கார் ஷோரூம்ல இருக்கான். பட்டறை மூடி நாலு வருஷம் ஆச்சு.

இதை எதுக்கு முதல்லயே சொல்றேன்னா, "எப்படிங்க இந்த ஐடியா வந்துச்சு?"ன்னு கேட்கிறவங்களுக்கு நான் வழக்கமா வேற ஒரு கதை சொல்லுவேன். ஆபீஸ்லேர்ந்து அல்கான்குவின் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அங்க ஒரு மர கனூவைப் பார்த்தேன், தொட்டுப் பார்த்தேன், மயங்கிட்டேன்னு. அதுவும் நிஜம்தான். ஆனா முழுக்க அது இல்ல.

சரி, கனூன்னா என்ன? நிறைய பேருக்குக் கயாக் தெரியும். கயாக்ல மேல மூடியிருக்கும், காலை நீட்டி உள்ள நுழைச்சு உட்காரணும், துடுப்போட ரெண்டு முனையும் தட்டையா இருக்கும். கனூ மேல திறந்திருக்கும். ரெண்டு முனையும் கூர்ந்து மேல எழும்பியிருக்கும், துடுப்பு ஒரு பக்கம்தான். வட அமெரிக்காவோட பழங்குடி மக்கள் உருவாக்கின படகு அது. ஐரோப்பாக்காரங்க வர்றதுக்கு எத்தனையோ காலம் முன்னாடியே இந்த ஏரிகளையும் ஆறுகளையும் அதுலதான் கடந்தாங்க. ஒரு ஏரி முடிஞ்சா படகைத் தோள்ல தூக்கிட்டு அடுத்த ஏரிக்கு நடப்பாங்க. அதனால அது லேசா இருந்தே ஆகணும்.

எங்க வீட்லேர்ந்து ஒரு மணி நேரம் காரோட்டினா பீட்டர்பரோ. அங்க கனடியன் கனூ மியூசியம் இருக்கு. 2024-ல ஏரிக்கரைல புதுக் கட்டடத்துக்கு மாறினாங்க. 600-க்கு மேல படகு வச்சிருக்காங்க. பிர்ச் மரப்பட்டைல செஞ்ச கனூ முன்னாடி நான் ரொம்ப நேரம் நின்னேன். மரப்பட்டைதான் தோல். அதை முதல்ல மடிச்சு நிறுத்திட்டு, அப்புறம் சீடர் மர விலா எலும்புகளை உள்ளே செருகுவாங்க. தைக்கிறதுக்கு ஸ்ப்ரூஸ் மரத்தோட வேர், ஓட்டையை அடைக்க அதே மரத்தோட பிசின். ஒரு ஆணி கிடையாது. அப்பா இருந்தா அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்.

அதே பீட்டர்பரோ பகுதிலதான் 19-ஆம் நூற்றாண்டு நடுவுல, அச்சு வச்சு அது மேல மெல்லிய பலகைகளை வளைச்சு கனூ கட்ட ஆரம்பிச்சாங்க. நான் கட்டினது அதுக்கும் பின்னாடி வந்த முறை. ஸ்ட்ரிப் கனூன்னு பேர். இதுல விலா எலும்பே இல்ல. மெல்லிசான மரப்பட்டிகளை ஒன்னுக்கு மேல ஒன்னா விளிம்புல ஒட்டிட்டே போறது, அப்புறம் உள்ளேயும் வெளியேயும் எபாக்ஸியும் ஃபைபர்கிளாஸ் துணியும். வீட்ல கட்டுறவங்க எல்லாருக்கும் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது டெட் மூர்ஸும் மேரிலின் மோரும் எழுதி 1983-ல வந்த 'கனூகிராஃப்ட்'. என் பிரதில இப்போ முக்கால்வாசிப் பக்கம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டிருக்கு. காரணம் போகப்போகப் புரியும்.

நான் எடுத்த டிசைன் ப்ராஸ்பெக்டர், 16 அடி. நியூ பிரன்ஸ்விக்ல செஸ்ட்நட்னு ஒரு கம்பெனி பிரபலமாக்கின வடிவம். சுமையும் ஏத்தலாம், ஆறுலயும் திரும்பும். எங்க கராஜ் நீளம் 20 அடி, அதனால 16. இவ்வளவுதான் ஆராய்ச்சி. என் வீட்டுக்காரர் ஒன்னுதான் கேட்டார், "அப்போ கார்?" கார் ஒரு வருஷத்துக்கு மேல வெளிய பனியிலதான் நின்னது.

மரம் வெஸ்டர்ன் ரெட் சீடர். நம்ம ஊர்ல ரீப்பர்னு சொல்லுவாங்கல்ல, அதை விட ரொம்ப மெல்லிசு. கால் இஞ்ச் கனம், முக்கால் இஞ்ச் அகலம். 70 பட்டிக்குக் கொஞ்சம் கூட வேணும். பழைய டேபிள் சா ஒன்னு வாங்கி நானே அறுத்தேன். முதல் நாள் மெஷினை ஆன் பண்ணிட்டு அப்படியே ஆஃப் பண்ணிட்டேன். கை நடுங்குச்சு. அப்பாவோட இடது கை ஆள்காட்டி விரல்ல மேல் கணு கிடையாது. ரம்ப மெஷின்தான். சின்ன வயசுலேர்ந்து அந்த விரலைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ரெண்டாவது நாள், ரெண்டு தள்ளுகட்டை செஞ்சு வச்சுக்கிட்டு, விரல் ரம்பத்துக்கு ஒரு அடி பக்கத்துல கூடப் போகாத மாதிரி அறுக்க ஆரம்பிச்சேன்.

இங்க ஒரு கணக்கு இருக்கு. பட்டி கால் இஞ்ச், ரம்பத்தோட வாய் அரைக்கால் இஞ்ச். அப்படின்னா வாங்கின மரத்துல மூணுல ஒரு பங்கு தூளாப் போகுது. அப்பாகிட்ட வீடியோ கால்ல இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிடுச்சு. "மூணுல ஒரு பங்கா?" அப்புறம் பட்டியைக் கேமராக்கிட்டக் காட்டச் சொன்னார். நகத்தால கீறிக் காட்டச் சொன்னார். கீறினா கோடு விழுந்துச்சு. "இது மரமா? அட்டை மாதிரி இருக்கு." அவ்வளவுதான். ரெண்டு மாசத்துக்கு அதைப் பத்தி அவர் ஒரு வார்த்தை பேசல. மழை பெஞ்சுதா, சாப்பிட்டியா, இதோட முடிஞ்சிரும்.

செய்யணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. சீடர் வாசனை ரொம்ப நல்லா இருக்கும், ஆனா அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. அதுலயே வேலை செய்றவங்களுக்கு ஆஸ்துமா வர்றது நல்லாத் தெரிஞ்ச விஷயம். துணி மாஸ்க் பத்தாது, நல்ல ஃபில்டர் மாஸ்க் போடுங்க. எபாக்ஸிக்குக் கையுறை. ஒருதடவை அலர்ஜி வந்துச்சுன்னா அப்புறம் வாழ்நாளுக்கும் அதைத் தொட முடியாதபடி ஆகலாம்.

படகை நேரா வச்சுக் கட்ட மாட்டாங்க, கவிழ்த்துத்தான் கட்டுவாங்க. நீளமா, வளையாத ஒரு பெட்டி. அது மேல ஒவ்வொரு அடிக்கும் ஒரு ப்ளைவுட் அச்சு. படகை அந்தந்த இடத்துல குறுக்க வெட்டினா என்ன வடிவம் இருக்குமோ அந்த வடிவம். நூல் கட்டி, ரசமட்டம் வச்சு எல்லாத்தையும் ஒரே கோட்டுல நிறுத்தணும். அச்சு ஓரத்துல எல்லாம் செல்லோடேப் ஒட்டணும், இல்லேன்னா படகு அச்சோட சேர்ந்து ஒட்டிக்கும். இது போரடிக்கிற வேலை, ஆனா இதுல தப்பு பண்ணினா வாழைப்பழம் மாதிரி படகு கிடைக்கும்.

அப்புறம் பட்டி ஒட்டுறது. இதுதான் இருக்கிறதுலயே சந்தோஷமான காலம். மே மாசம் ஆரம்பிச்சேன். பட்டியோட ஒரு விளிம்பு குழிஞ்சிருக்கும், இன்னொன்னு குவிஞ்சிருக்கும். கீழ் பட்டியோட குழில பசையை விட்டு, அடுத்ததோட குவிஞ்ச விளிம்பை அதுல உட்கார வைக்கணும். அச்சுல ஸ்டேப்ளர் அடிச்சு நிறுத்தணும். பசை காய்ஞ்சதும் அந்த ஸ்டேப்ளை எல்லாம் பிடுங்கிடணும். ஆபீஸ் வேலை முடிஞ்சு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு பட்டி. சனி ஞாயிறுல எட்டு, பத்து. கடைல 16 அடிப் பலகை கிடைக்காததால ரெண்டு துண்டைச் சாய்வா சீவி ஒட்டி நீளமாக்க வேண்டியிருந்தது. கால் இஞ்ச் கனத்துக்கு ரெண்டு இஞ்ச் சாய்வு. அந்தச் சீவல் சரியா வரல. மூட்டு வாயைத் திறந்துட்டே இருந்தது.

ஒருநாள் நான் சீவிட்டிருக்கும்போது அப்பா லைன்ல இருந்தார். போனைப் பெஞ்சு மேல வச்சிருந்தேன், அவருக்குக் கூரைதான் தெரியும். திடீர்னு, "உளி மழுங்கியிருக்கு"ன்னார்.

"பார்க்காம எப்படிப்பா சொல்றீங்க?"

"சத்தம் கேக்குதுல்ல. கிழிக்குது. சீவினா 'ஸ்ஸ்'னு வரணும். தீட்டிட்டு வா."

இழைப்புளியோட இரும்பை வெளிய எடுத்து, கல்லுல எப்படி வைக்கணும், எந்தச் சாய்வுல தேய்க்கணும், பின்பக்கப் பிசிரை எப்படி எடுக்கணும்னு அன்னிக்கு முக்கால் மணி நேரம் சொன்னார். என் வாழ்க்கைல அவர் எனக்கு ஒரு கருவியைப் பத்திச் சொல்லிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ரெண்டு பேருமே அதைக் கவனிக்காத மாதிரி இருந்துட்டோம்.

கடைசிப் பட்டிக்குப் படகு கட்டுறவங்க விஸ்கி ப்ளாங்க்னு பேர் வச்சிருக்காங்க. அதை வச்சு முடிச்சதும் ஒரு ரவுண்டு குடிக்கிறது மரபு. படகோட அடிவயித்துல, நடுக்கோட்டுல, கண் வடிவத்துல ஒரு இடைவெளி கடைசியா மிஞ்சும். அதுக்குச் சரியா ஒரு பட்டியைச் செதுக்கி இறக்கணும். எனக்கு நாலு தடவை தப்பாச்சு. அஞ்சாவது, கட்டைவிரலால அழுத்தினதும் 'டப்'னு உட்கார்ந்துச்சு. ராத்திரி பதினொன்றரை மணி. வீட்ல விஸ்கி இல்ல. ரஸ்னா இருந்துச்சு.

அடுத்தது சமப்படுத்துறது. பட்டிகளெல்லாம் தட்டை, படகு வளைவு. அதனால ஒவ்வொரு மூட்டுலயும் ஒரு சின்ன முனை நிக்கும். இழைப்புளியால அதைச் சீவி, அப்புறம் நீளக் கட்டைல உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கணும். மெஷின்ல தேய்ச்சா சீக்கிரம் ஆகும், ஆனா கால் இஞ்ச்தானே இருக்கு, ஒரு இடத்துல கொஞ்சம் நின்னுட்டா பள்ளம். ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்க இதுதான். நல்லா இருக்குன்னு நினைச்சு அப்பாவுக்கு வீடியோ காட்டினேன். "மேல் லைட்டை அணைச்சிட்டு, கை விளக்கைக் கீழ சாய்ச்சுப் பிடி"ன்னார். பிடிச்சேன். அவ்வளவு நேரம் கண்ணாடி மாதிரி தெரிஞ்ச இடத்துல வரிவரியா நிழல் விழுந்துச்சு, உழுத வயல் மாதிரி. இன்னும் மூணு வாரம் ஓடுச்சு.

அக்டோபர்ல ஃபைபர்கிளாஸ். இதுக்கு ஒரு நாள் குறிச்சு வைப்பாங்க, ஏன்னா நடுவுல நிறுத்த முடியாது. வெள்ளைத் துணியைப் படகு மேல விரிச்சா கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கும். எபாக்ஸியை ஊத்தித் தள்ளத் தள்ள அந்த வெள்ளை மறைஞ்சு, கண்ணாடி மாதிரி ஆகி, அடியில சீடரோட சிவப்பும் பழுப்பும் பொன்னிறமும் எழும்பி வரும். அஞ்சு மாசம் மங்கலாப் பார்த்த மரத்தோட நிஜ நிறத்தை அப்பத்தான் பார்க்கிறோம். ஒரு நுணுக்கம் சொல்றேன்: கராஜ் சூடேறிக்கிட்டிருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. மரத்துக்குள்ள இருக்கிற காத்து விரிஞ்சு குமிழியா வெளிய வரும். முதல்ல சூடாக்கிட்டு, ஹீட்டரை அணைச்சு, சூடு இறங்கும்போது பூசணும். அப்போ மரம் எபாக்ஸியை உள்ள இழுத்துக்கும்.

இதெல்லாம் சரியாத்தான் செஞ்சேன். எபாக்ஸிங்கிறது ரெண்டு திரவம். நான் வாங்கினதுல அளவு பம்ப் இருந்துச்சு. ரெசின் ஒரு அழுத்து, ஹார்டனர் ஒரு அழுத்து. எண்ணிட்டே போகணும். அஞ்சாவது கப் கலக்கும்போது ஆபீஸ்லேர்ந்து போன். எடுத்திருக்கக் கூடாது. எடுத்தேன். ரெண்டு நிமிஷம் பேசிட்டு வந்து, நாலா அஞ்சான்னு சந்தேகம் வந்தது. கப்பைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசாக் கலக்கியிருக்கணும். அஞ்சு டாலர் எபாக்ஸி. தேக்குத் துண்டை வீணாக்காதவர் பொண்ணாச்சே, போட மனசு வரல.

மறுநாள் காலைல படகு முழுக்கக் கல்லு மாதிரி இறுகியிருந்தது, முன்முனைல இடது பக்கம் ரெண்டரை அடியைத் தவிர. அங்க விரல் வச்சா ஒட்டுச்சு. மூணு நாள் காத்திருந்தேன். ஹீட்டர் வச்சேன். அளவு தப்பின எபாக்ஸி எத்தனை நாளானாலும் இறுகாது. அந்த இடத்துல துணியோட சேர்த்து உரிச்சு, பிசுபிசுப்பு எல்லாத்தையும் சுரண்டி, ஆல்கஹாலால துடைச்சு, காய வச்சு, மறுபடி செய்யணும். வேற வழி கிடையாது. புத்தகத்தோட பக்கங்கள் ஒட்டிக்கிட்டதும் அந்த வாரம்தான்.

ராத்திரி ஒன்பதரைக்கு உட்கார்ந்து சுரண்டிட்டிருந்தேன். அவருக்குக் காலைல ஏழு மணி, கூப்பிட்டார்.

"என்னத்தா சுரண்டுற சத்தம்?"

சொன்னேன். அழுதுட்டேதான் சொன்னேன்.

"எவ்வளவு தூரம்?"

"ரெண்டரை அடி."

"மரம் கெட்டிருக்கா?"

"இல்லப்பா."

"மரம் கெடலைல்ல. அப்புறம் என்ன, சுரண்டு. ரேகை போற பக்கமா இழு, எதிர்த்து இழுக்காத."

போனை வைக்காம அப்படியே இருந்தார். நான் சுரண்டிட்டே இருந்தேன். பத்து நிமிஷம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் என்ன தோணுச்சோ, கேட்டுட்டேன். "ஏம்ப்பா எனக்கு வேலை சொல்லிக் கொடுக்கல? நான்தானே பட்டறைலயே கிடந்தேன்."

அங்க குழாய்ல தண்ணி விழுற சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் கழிச்சு, "எனக்கு வெரல் போனப்ப இருபத்திரண்டு வயசு. வெரல் போயும் பொண்ணு கொடுத்தாங்க. உனக்குப் போயிருந்தா?"ன்னார்.

"அண்ணனுக்கும் அதே ரம்பம்தானேப்பா."

"ஆமா."

அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்பெல்லாம் கேட்கல. நானும் "பரவால்லப்பா"ன்னு சொல்லல. இங்க நான் உங்ககிட்ட நேர்மையா இருக்கணும். அந்தப் பதில் எனக்குப் போதல. அவர் பயந்தது புரியுது. அந்தக் காலம், அந்த ஊர், எல்லாம் புரியுது. ஆனா எட்டு வயசுலேர்ந்து பதினேழு வயசு வரைக்கும் பட்டறை ஓரத்துல துடைப்பத்தோட நின்ன பொண்ணுக்கு அது பதில் ஆகாது. விருப்பமே இல்லாம உளி பிடிச்ச அண்ணனுக்கும் ஆகாது. இதை நான் அவர்கிட்ட இன்னும் சொல்லல. இந்த எபிசோடை அவர் கேட்பாரான்னு தெரியல. அண்ணன் போட்டுக் காட்டினா கேட்பார்.

அடுத்த சனிக்கிழமை அந்த ரெண்டரை அடியை மறுபடி போட்டேன். போனை வீட்டுக்குள்ள வச்சிட்டு வந்தேன். இப்பவும் வெயில்ல பார்த்தா, பழைய துணியும் புதுத் துணியும் சேர்ற இடத்துல ஒரு மெல்லிசான கோடு தெரியும். தெரியாதவங்களுக்குத் தெரியாது.

மிச்சத்தைச் சுருக்கமாச் சொல்றேன், ஏன்னா உள்பக்கம் தேய்க்கிறதைப் பத்திப் பேசினாலே எனக்குத் தோள் வலிக்குது. அச்சுலேர்ந்து கழட்டித் திருப்பினதும் படகு தொளதொளன்னு ஆடும், பயமா இருக்கும். உள்ளேயும் ஃபைபர்கிளாஸ் போட்டு, மேல் விளிம்புல ஆஷ் மரச் சட்டம் வச்சதும்தான் அதுக்கு முதுகெலும்பு வருது. மரம் நடுவுல, ரெண்டு பக்கமும் கண்ணாடித் தோல். தனித்தனியாப் பார்த்தா எதுவுமே பலம் கிடையாது. சட்டம் ஒட்டும்போது என்கிட்ட 24 கிளாம்ப் இருந்துச்சு, பத்தல. பக்கத்து வீட்ல கடன் வாங்கினேன். டிசம்பர்ல கராஜ் உறைஞ்சிருச்சு. அதனால சீட் பிரேம் ரெண்டையும் வீட்டுக்குள்ள கொண்டு வந்து, சோபால உட்கார்ந்து பிரம்பு பின்னினேன். நம்ம ஊர்ப் பழைய பிரம்பு நாற்காலில எண்கோணமா ஓட்டை தெரியும்ல, அதே பின்னல்தான். யூடியூப்ல கனடாக்காரர் ஒருத்தர் அதைச் சொல்லிக் கொடுத்தார்.

ஏப்ரல்ல வார்னிஷ். எபாக்ஸிக்கு வெயில் ஆகாது, புற ஊதாக் கதிர் பட்டா மெல்ல மெல்ல சிதையும். அதனால அதைத் தடுக்கிற வார்னிஷ் மேல போட்டே ஆகணும். நோட்டுல எழுதி வச்ச கணக்குப்படி மொத்தம் 312 மணி நேரம். குளியலறைத் தராசுல நிறுத்திப் பார்த்ததுல 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. நடுவுல நுகம் மாதிரி ஒரு குறுக்குக்கட்டை இருக்கு, அதைத் தோள்ல வச்சா நான் ஒருத்தியே தூக்கிட்டு நடக்கலாம். தெருவுல தலைகீழா ஒரு படகு கால் முளைச்சு நடக்கிறதைப் பார்த்து பக்கத்து வீட்டுக் குழந்தை கத்துனது தனிக்கதை.

நடுவுல ஒன்னு விட்டுட்டேன். கட்ட ஆரம்பிச்ச அதே மாசம் நீச்சல் வகுப்புலயும் சேர்ந்தேன். ஆறு வயசுக் குழந்தைங்க பக்கத்து லேன்ல டைவ் அடிக்கும்போது நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு விடப் பழகினேன். இப்போ 50 மீட்டர் போவேன். அழகா இருக்காது, ஆனா போவேன்.

ஜூன்ல, பீட்டர்பரோவுக்கு வடக்கே ஒரு சின்ன ஏரி. ஒவ்வொருத்தருக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட் படகுல இருக்கணும்ங்கிறது இங்க சட்டம். நான் அதை வீட்லயே போட்டுக்கிட்டுத்தான் காரேறினேன். தண்ணில விட்டதும் ஓரத்துல நின்னு பத்து நிமிஷம் உள்ள பார்த்தேன், எங்கயாவது கசியுதான்னு. ஒரு சொட்டு இல்ல. அப்புறம் ஏறினேன். கனூல முதல் தடவை ஏறும்போது அது ஆடும். அந்த ஆட்டத்தை எதிர்த்து உடம்பை இறுக்கினா இன்னும் ஆடும். இடுப்பைத் தளர்த்தி, முழங்காலை மடக்கித் தரையில ஊன்றினா அடங்கிடும். ரெண்டு மணி நேரம் சுத்தினோம். ஒரு லூன் பறவை பக்கத்துல முங்கி, ரொம்ப தூரம் தள்ளி எழுந்துச்சு. திரும்பி வரும்போது கரைக்குப் பத்தடி முன்னாடி தண்ணிக்கு அடியில ஒரு பாறை. 'கர்ர்ர்'னு ஒரு சத்தம். 312 மணி நேரமும் அந்த ஒரு செகண்டுல என் வயித்துக்குள்ள போய் வந்துச்சு.

தூக்கிப் பார்த்தா ஒரு ஜாண் நீளத்துக்குக் கீறல். வார்னிஷைத் தாண்டி எபாக்ஸில கொஞ்சம். துணி வரைக்கும் போகல.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்குப் பதினாலு போட்டோ அனுப்பினேன். ஏரி, நான், படகு, சூரியன் சாயுறது. அந்தக் கீறல் ஒரே ஒரு போட்டோல ஓரமாத் தெரியும். மறுநாள் அவர்கிட்டேர்ந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். நல்லா இருக்குன்னோ, சந்தோஷம்னோ எதுவும் இல்ல. "எட்டாவது படத்துல அடியில கோடு தெரியுது. எங்க இடிச்ச? ஆழமா? நகத்தை ஓட்டிப் பாரு, நகம் மாட்டுனா சொல்லு."

நகம் மாட்டுச்சு, சொன்னேன். வர்ற ஞாயிற்றுக்கிழமை தேய்ச்சு, எபாக்ஸி தொட்டு, வார்னிஷ் போடப்போறேன். அவருக்குச் சாயங்காலம் ஆறு மணி வாக்குல கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கேன். போன தடவை மாதிரி போனைக் கூரையைப் பார்த்து வைக்காதன்னார். கிட்ட வைக்கணுமாம், கை தெரியுற மாதிரி.